தொட்டியில் மூவர்: ஓர் அரங்க வரலாறு

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்குக் கலீமிடம் டோக்கன் தரப்பட்டது. எண் இருபத்திரண்டு.

டோக்கன் ஸ்கேன் சென்டருடையது. தில்லை நகரில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் ஸ்கேன் சென்டர். மாடி, கடல்கடந்த தமிழரங்க வரலாற்று மன்றம். படிக்கட்டு ஒன்றுதான். அதனால் மாடிக்குப் போகிறவர்களும் டோக்கன் வாங்க வேண்டும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்த நான்கு பேருக்கு நடுவில் கலீம் உட்கார்ந்தார். நர்ஸ் அவரிடமும் ஒரு பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். மறுத்தால் வரிசை போய்விடுமோ என்று இருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. உறையூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பதினான்கு வருடம் ஓமானில் கம்பி கட்டினார். மாடியில் இருநூறு இருக்கை கொண்ட ஓர் அரங்கம் இருந்தது. அயல்நாட்டில் தமிழர் நடித்த மொழிபெயர்ப்பு நாடகங்களுக்கு அது ஒரு நாள் தரப்படும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு நாள் அவருக்கு வேண்டும். பிப்ரவரி இருபத்தைந்துக்குள் வேண்டும்.

மன்றத்தின் செயலாளர் சத்யபாமா விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். நல்ல பெண்மணி. யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார்.

"நாடகம் போட வந்தீங்களா?"

"ஆமாம்மா. அரங்கம் ஒரு நாள் கெடைச்சாப் போதும்."

"வரலாறு இருக்கா?"

"என்ன வரலாறு?"

"விதி நாலுங்க. அரங்க வரலாறு எழுதி ஏத்துக்கிட்ட நாடகத்தைத்தான் இங்க போடலாம்."

"போட்டாத்தானேம்மா வரலாறு வரும்?"

"போட்டாச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. ஓமான்ல நாப்பத்துமூணு தடவை. அப்ப வரலாறு இருக்கணும் இல்ல?"

கலீமுக்குச் சிறுநீர் முட்டியது. அவசரமாக, இருக்கு என்றார்.

"அப்ப சுவரொட்டி, டிக்கெட், போட்டோ, பத்திரிகை விமர்சனம். ஒவ்வொண்ணும் மூணு பிரதி. அப்புறம் மூல ஆசிரியரோட சம்மதம்."

"ஆசிரியர் பேரு தெரியாதும்மா. அட்டை கிழிஞ்ச புத்தகம்."

சத்யபாமா யோசித்தார்.

"பேர் தெரியாதுன்னு ஆசிரியர்கிட்டயிருந்தே ஒரு கடிதம் வாங்கிடுங்க. அது போதும்."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கலீம் ஸ்ரீரங்கம் போனார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

சித்திரை வீதியில் வெங்கட்ராகவனின் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி அவரும் மனைவி மாலினியும் கனடாவுக்கு மகள் ஜாஹ்னவியிடம் போகிறார்கள். திரும்பி வருவதாக இல்லை. வீட்டுக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது.

ஓமானில் கலீம் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலை கட்டியது. வெங்கட்ராகவன் அங்கே வருகைப் பதிவு எழுதும் குமாஸ்தா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்துப் படித்தவர். அதனால் வேலை கிடைத்தது. வேலையில் அந்த மொழியை யாரும் அவரிடம் பேசவில்லை. ஒரு பொறியாளர் ஊருக்குப் போகும்போது மேசையில் விட்டுப்போன மெலிந்த புத்தகம்தான் அவர் பிரெஞ்சில் படித்த ஒரே புத்தகம். மூன்று மாதத்தில் அதைத் தமிழில் எழுதினார். 'தொட்டியில் மூவர்' என்று பெயர் வைத்தார்.

ஒரு விதவை. அவளைக் கட்டிக்கொள்ள ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், ஒரு நகரத் தலைவர் என்று ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பெருமையைப் பேசுகிறார்கள். அடுத்தவர் வரும் சத்தம் கேட்டதும் முன்னவரைக் குளியல் தொட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். தொட்டிக்குள் மூன்று பேரும் பேசிப் பழகி நண்பர்களாகிவிடுகிறார்கள். கடைசியில் அவள் கூப்பிட்டும் வெளியே வர மறுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

தொழிலாளர் முகாமில் கூட இருந்த தாஜுதீன் நீதிபதி. கோவர்தன் டாக்டர். வெங்கட்ராகவன் நகரத் தலைவர். விதவை, கலீம்.

முகாமில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கம்பெனி விதி வைத்திருந்தது. சேஃப்டி மீட்டிங்குக்கு மட்டும் கூடலாம். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சேஃப்டி மீட்டிங் நடந்தது. தலைப்பு: தொட்டிக்குள் இறங்கும்போது கவனிக்க வேண்டியவை. நடிகர்களும் பார்வையாளர்களும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மூன்று பேர் தொட்டிக்குள் இறங்குவதையும் நூற்றைம்பது பேர் உன்னிப்பாகக் கவனிப்பதையும் பார்த்து அவர் திருப்தியடைந்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டார். பயத்தில் என்றார் வெங்கட்ராகவன்.

நூற்றைம்பது பேரும் ஆண்கள். நாற்பத்துமூன்று தடவையில் ஒரு பெண்கூட அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை.

கலீமின் மனைவி நஜீமா பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கொருமுறை வந்து, நாற்பது நாள் தூங்கிவிட்டுப் போகிற மனிதரைத்தான் அவருக்குத் தெரியும். கடை வைத்த பிறகும் கலீம் அதிகம் பேசியதில்லை. போன ரமலானில் ஏதோ பேச்சு வாக்கில், அங்கே நான் நடிச்சா ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க என்றார்.

"நீங்களா?" என்றார் நஜீமா. அடுப்பில் பால் பொங்கியது. பார்க்கப் போய்விட்டார்.

அந்த 'நீங்களா' கலீமை உட்காரவிடவில்லை. தொழுது முடித்து எழும்போது, கண்ணாடி அறுக்கும்போது, எல்லாம் அது வந்தது. நஜீமா ஒருமுறை பார்க்க வேண்டும். நகரத் தலைவர் கனடாவுக்குப் போவதற்குள் பார்க்க வேண்டும்.

"என்ன சொல்றா?" என்றார் வெங்கட்ராகவன், அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கியபடி.

"வரலாறு கேக்கறாங்க சாமி. சாட்சி வேணுமாம்."

"சாட்சிதானே? என்கிட்ட இருக்கு."

பரணிலிருந்து ஒரு காகிதக் கட்டை இறக்கினார். நாற்பத்துமூன்று சேஃப்டி மீட்டிங்குகளின் வருகைப் பதிவு. ஜெராக்ஸ். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், நூற்றைம்பது கையெழுத்து, கம்பெனி முத்திரை.

"இதையும் கனடாவுக்குக் கொண்டுபோறதா இருந்தார்" என்றார் மாலினி. "நல்லவேளை, நீங்க வந்தேள். எடுத்துண்டு போங்கோ. அங்க ஒரு குக்கர் வெக்க இடமாகும்."

மன்றம் திறந்திருக்கவில்லை. வைகுண்ட ஏகாதசி. பத்து நாள் இராப்பத்து உற்சவம் முடியும்வரை தலைவர் வரமாட்டார் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. முடிந்த பிறகும் மூன்று நாள் களைப்பு விடுப்பு எடுப்பார் என்று கீழே வேறு மையில் எழுதியிருந்தது. கலீம் தினமும் போய் இரண்டையும் படித்துவிட்டு வந்தார். நர்ஸ் தினமும் தண்ணீர் கொடுத்தாள்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி தலைவர் பராசரனைப் பார்க்க முடிந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர். முன்னால் பெரிய மேசை. மேசையில் மன்றம் வெளியிட்ட ஒன்பது வரலாறுகள். ஒவ்வொன்றும் தலையணை கனம்.

வருகைப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"அற்புதம். இப்படி ஒரு சான்றை இதுவரை எவரும் தந்ததில்லை. சாதாரணமாக நாடகக்காரர்கள் மங்கிப்போன ஒரு புகைப்படத்தைக் கொண்டுவருவார்கள். நீங்கள் ஆறாயிரத்துக்கு மேல் கையெழுத்து கொண்டுவந்திருக்கிறீர்கள்."

"அப்ப அரங்கம் கெடைக்குங்களா சார்?"

"ஒரு சிறு ஐயம். இவற்றில் எங்கும் நாடகம் என்ற சொல்லே இல்லையே?"

"நாடகம்னு எழுதினா நிறுத்திடுவாங்க சார். அதனாலதான் சேஃப்டி மீட்டிங்னு எழுதினோம்."

"அதாவது, ஆவணத்தில் இருப்பது நடக்கவில்லை. நடந்தது ஆவணத்தில் இல்லை."

"ஆமா சார்."

"அப்படியென்றால் நடந்ததைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்." பராசரன் நாற்காலியில் சாய்ந்தார். "நாடகத்தை எவரும் நடத்திவிடலாம் தம்பி. அதை எழுதிவைப்பதற்குத் தகுதி வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த அரங்கத்தில் ஒரு நாடகம்கூட நடந்ததில்லை. அதனால்தான் எங்கள் வரலாறுகளில் இதுவரை ஒரு பிழையும் இல்லை."

கலீம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடிச்சுக் காட்டுறோம் சார். பார்த்துட்டுச் சொல்லுங்க."

தலைவர் சத்யபாமாவைப் பார்த்தார். சத்யபாமா விதிப்புத்தகத்தைப் பார்த்தார். இடமிருந்தது. விதி பதினொன்று: ஐயத்துக்குரிய நகைச்சுவைகளின் மெய்ப்பித்தல்.

பிப்ரவரி எட்டாம் தேதி மெய்ப்பித்தல் நடந்தது. தாஜுதீன் திருவெறும்பூரிலிருந்தும் கோவர்தன் லால்குடியிலிருந்தும் லீவு போட்டு வந்தார்கள். ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியின் மேல்பாதியை அறுத்து, ஆட்டோவில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். படிக்கட்டில் ஏற்றும்போது கீழே காத்திருந்தவர்கள் பயந்து பார்த்தார்கள். இதுவும் குடித்து முடிக்க வேண்டியதா என்று ஒருவர் கேட்டார்.

முன்வரிசையில் ஐந்து மதிப்பீட்டாளர்கள். ஆளுக்கொரு சிரிப்புப் பதிவுப் படிவம். நான்கு பத்திகள்: புன்முறுவல், சிரிப்பு, பெருஞ்சிரிப்பு, கண்ணீர் வரும் சிரிப்பு.

சத்யபாமா எழுந்து விதியை வாசித்தார். "மதிப்பீட்டாளர்கள் சிரிக்கக் கூடாது. சிரித்தால் மதிப்பீடு ஒருபக்கமாகிவிடும்."

கலீம் ஊதாப் புடவை கட்டி, முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போட்டு வந்தார். அது இல்லாமல் அவருக்கு வசனம் வராது. நீதிபதி தன் தீர்ப்புகளைப் பற்றி அளந்தார். தொட்டிக்குள் போனார். டாக்டர் தான் காப்பாற்றத் தவறியவர்களெல்லாம் எவ்வளவு நன்றியோடு செத்தார்கள் என்று சொன்னார். தொட்டிக்குள் போனார். முகாமில் இந்த இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்துச் சிரிப்பார்கள். இங்கே பேனா உரசும் சத்தம் கேட்டது. ஒரு மதிப்பீட்டாளர் கை தூக்கினார்.

"தொட்டி எத்தனை லிட்டர்?"

"ஐந்நூறு சார்" என்றார் விதவை.

எழுதிக்கொண்டார்.

நகரத் தலைவர் தொட்டிக்குள் கால் வைத்தபோது அரங்கத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. துடைப்பத்தோடு நின்றிருந்த மயிலம்மாள். மன்றத்தைக் கூட்டிப் பெருக்கி, சாவி வைத்திருப்பவர். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி சிரித்தார்.

ஐந்து மதிப்பீட்டாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பராசரனைப் பார்த்தார்கள்.

"அவர் உறுப்பினரல்ல" என்றார் பராசரன். "பதிய வேண்டாம்."

மறுநாள் மயிலம்மாளுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தரப்பட்டது. எந்த அதிகாரத்தின்பேரில் சிரித்தார் என்று மூன்று நாளைக்குள் எழுத்தில் தர வேண்டும். மயிலம்மாள் கலீமின் கடையைத் தேடி உறையூர் வந்தார்.

"எனக்கு எழுத வராது பாய். நீங்களே எதனா எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுதறது?"

"வந்துச்சு, சிரிச்சேன்னு எழுதுங்க." பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். "அந்த மூணாவது ஆளு கால வெச்சான் பாருங்க, உள்ள இருக்கறவனுங்க 'செருப்பைக் கழட்டிட்டு வாய்யா'ன்னானுங்க பாருங்க. ஐயோ." மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

கலீம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் பார்த்துச் சிரித்துவிட்டாள். நாடகம் பெண்களுக்கும் சிரிப்பு வரவைக்கும். அது தெரிந்ததும் பதற்றம் இன்னும் கூடிவிட்டது.

பதினைந்தாம் தேதி மன்றத்தின் முடிவு தபாலில் வந்தது.

'தாங்கள் அளித்த நாற்பத்துமூன்று ஆவணங்களும் உண்மையானவை என மன்றம் ஏற்கிறது. அவற்றின்படி நாடகம் எதுவும் நடைபெறவில்லை. மெய்ப்பித்தலிலும் சிரிப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆயினும், ஒரு பிரெஞ்சு நகைச்சுவையை அயல்நாட்டில் நாற்பத்துமூன்று முறை நடத்தாதிருந்த தமிழ்க் குழு தங்களுடையது ஒன்றே என்பதால், அதன் வரலாற்றை வெளியிடுவதில் மன்றம் பெருமை கொள்கிறது. வெளியீட்டு விழா பிப்ரவரி 23, மாலை 4 மணி. வரலாறு ஏற்கப்பட்டுவிட்டதால், விதி நான்கின்படி, விழாவில் நாடகத்தை நடத்த அனுமதியுண்டு.'

கலீம் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். வெங்கட்ராகவனுக்குப் போன் போட்டார்.

"கெடைச்சிருச்சு சாமி!"

"நாம போடவே இல்லேன்னு எழுதியிருக்காளே பாய்?"

"எழுதிட்டுப் போகட்டும். அரங்கம் குடுத்துட்டாங்க இல்ல?"

ஒரு வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் அச்சாகிவிட்டது. மன்றம் இதற்கு முன் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை என்றார் சத்யபாமா. நடக்காத நாடகம் என்பதால் சரிபார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. பதினாறு, நன்றியுரை. பதினேழு, நாட்டுப்பண். பதினெட்டு, நாடகம்.

கலீம் மன்றத்துக்கு ஓடினார்.

"அம்மா, நாட்டுப்பண் பாடிட்டா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்களே?"

"நாட்டுப்பண்ணுக்கு முன்னாடி தொட்டிக்குள்ள குதிச்சா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க?"

"பதினாறு பேரு பேசறாங்களே அம்மா. எட்டு மணிக்கு அரங்கத்தை மூடணும்னு வேற போட்டிருக்கீங்க."

"எல்லாரையும் ரெண்டு நிமிஷத்துல முடிக்கச் சொல்லியிருக்கேன்." சத்யபாமா குரலைத் தாழ்த்தினார். "யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சொல்லியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஜீமா பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தார். கலீமின் தங்கை பஸீலாவும் பக்கத்து வீட்டு இருதயமேரியும் உடன் வருவதாக ஏற்பாடு. நஜீமா இதற்கு முன் கல்யாண மண்டபம் தவிர வேறு மண்டபத்துக்குள் போனதில்லை.

"கதை என்னங்க?"

கலீம் சுருக்கமாகச் சொன்னார். ஒரு பொம்பளை கூப்பிடுவா. பெரிய மனுஷனுங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. வந்து தற்பெருமை பேசுவாங்க. அப்புறம் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டாங்க.

"உங்களுக்கு என்ன வேஷம்?"

"வந்து பாரு."

"அது பிரான்ஸ் நாட்டு நாடகமாமே. எனக்குப் புரியுமா?"

"புரியாட்டிப் பரவால்ல. சிரிப்பு வந்தாச் சிரி."

அவர் இரண்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார்.

மேடையின் பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'ஓமானில் நடைபெறாத பிரெஞ்சு நகைச்சுவை: ஓர் அரங்க வரலாறு' என்று இருந்தது. 'பிரெஞ்சு நகைச்சுவை' மட்டும் மூன்றடி உயரத்தில். மற்றவை மேசைக்குப் பின்னால் மறைந்துவிட்டன. தொட்டியை மேடையின் ஓரத்தில் வைக்க அனுமதித்தார்கள். இடைவேளையில்லாமல் நாடகம் தொடங்க அது வசதி என்று சொல்லிக் கலீம் கெஞ்சியிருந்தார். ஓரத் திரைக்குப் பின்னால் நான்கு பேரும் வேஷத்தோடு நின்றார்கள். உட்கார இரண்டு நாற்காலி இருந்தது. கலீம் உட்காரவில்லை.

நான்கரைக்கு சத்யபாமா மைக்கைப் பிடித்தார். மன்றத் தலைவர் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம் என்றார். பராசரன் வந்து உட்கார்ந்தார். அடுத்து முன்னிலை வகிப்பவரை அழைத்தார். வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துரை வழங்குபவரை அழைத்தார். இப்படிப் பதினான்கு பேர் ஏறினார்கள். ஒன்பதாவது ஆளுக்கு நாற்காலி இல்லை. எட்டாவது ஆள் பாதி நாற்காலியைக் கொடுத்தார்.

மன்றத்திடம் ஆறு பொன்னாடைகள்தான் இருந்தன. ஏழாவது பிரமுகருக்குப் போர்த்த, முதலாமவரின் தோளிலிருந்து எடுத்தார்கள். அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இழுபறி. எட்டாமவருக்கு இரண்டாமவருடையது. பதினோராவது ஆளுக்கு வந்தபோது யாருடையது யாருக்கு என்று குழம்பி, சத்யபாமா எல்லாவற்றையும் உருவிக் கையில் சேர்த்துக்கொண்டார். வைக்க இடம் தேடினார். ஓரத்தில் தொட்டி இருந்தது. அதில் போட்டார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசிப் பொன்னாடை அடியில் இருந்ததால் ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்து எடுத்தார்.

மூன்றாம் வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது.

கலீம் திரையின் இடைவெளியில் கண்ணை வைத்தார். நஜீமா முந்தானையால் வாயை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. பஸீலா அவர்மேல் சாய்ந்திருந்தாள். இருபத்தாறு வருடத்தில் நஜீமா இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நினைத்தார். இன்ஷா அல்லாஹ், நாடகம் எடுபடும்.

பராசரன் எழுந்தார்.

"இந்த வேளையில் என்னைப் பற்றி நானே பேசுவது அழகல்ல. ஆகவே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்."

பதினோரு பக்கம் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அதிகமாகியது. பராசரன் நிமிர்ந்து பார்த்து, மகிழ்ந்து, ஐந்தாம் பக்கத்தை மறுபடி வாசித்தார்.

அடுத்தவர் அணிந்துரை எழுதியவர். "இந்த நூலை நான் இன்னும் படிக்கவில்லை. அதனால்தான் என்னால் நடுநிலையோடு எழுத முடிந்தது" என்றார்.

அடுத்தவர் தலைவரை வாழ்த்தினார். "பராசரன் மட்டும் இல்லையென்றால் இந்த அரங்கத்தில் எப்போதோ நாடகம் நடந்திருக்கும்!"

கைதட்டினார்கள். நஜீமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி. பேசி முடித்த எவரும் மேடையிலிருந்து இறங்கவில்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிக்கச் சொல்லி சத்யபாமா அனுப்பிய துண்டுச் சீட்டை ஒருவர் வாழ்த்துச் செய்தி என்று நினைத்து மைக்கில் வாசித்தார். "ஐயா, போதும், உட்காரவும்." வாசித்துவிட்டு நன்றி சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. இருதயமேரி இருக்கையிலிருந்து நழுவிவிட்டார்.

திரைக்குப் பின்னால் தாஜுதீன் நீதிபதி அங்கிக்குள் வேர்த்திருந்தார். "எனக்கு எட்டரைக்குப் பஸ்ஸுப்பா."

"ஆரம்பிச்சா நாப்பது நிமிஷம்தான் அண்ணே. கொஞ்சம் பொறுங்க" என்றார் கலீம். அவர் புடவைக் கொசுவத்தை நாலாவது முறையாகச் சரிசெய்தார். ஹெல்மெட்டைப் போட்டார். கழற்றினார். போட்டார்.

வெங்கட்ராகவன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், நான் மொழிபெயர்த்தது சுமார்தான்னு இப்பத் தோண்றது" என்றார்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு நன்றியுரை. நன்றி சொல்ல வந்தவர் மின்விசிறிக்கும் நன்றி சொன்னார். ஏழு ஐம்பத்தெட்டுக்கு நாட்டுப்பண். எல்லோரும் நின்றார்கள். கலீமும் புடவையில், ஹெல்மெட்டோடு, திரைக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். முடிந்தது. இருக்கைகள் படபடவென்று மடங்கும் சத்தம் கேட்டது. சத்யபாமா மைக்கில் "அடுத்ததாக" என்றார். மைக் அணைந்துவிட்டது.

மயிலம்மாள் ஓரத்துக்கு வந்தார். கையில் சாவிக்கொத்து.

"பாய், மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. நான் கேட்டுப் பார்த்தேன். இன்னொரு லெட்டரு வேணுமாங்கறாங்க."

"அஞ்சு நிமிஷம் அக்கா. முதல் காட்சி மட்டும்."

"யாருக்குப் போடுவீங்க? ஆளுங்க போயிட்டாங்க பாருங்க."

கலீம் மேடைக்கு வந்து நின்றார். இருநூறு இருக்கைகளும் மடங்கியிருந்தன. தொட்டி நிறையப் பொன்னாடைகளும் மாலைகளும் இருந்தன. தாஜுதீன் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கோவர்தன் மாலைகளை வெளியே எடுத்துப்போட்டார். விளக்கு அணைந்தது.

"கலைச்சுடலாம் பாய்" என்றார் வெங்கட்ராகவன் இருட்டில். "நாளன்னிக்கு விடிகாலை ஃப்ளைட்டு. மாலினி காத்துண்டிருப்பா."

கலீமின் தோளைத் தடவிக் கண்டுபிடித்து, ஒருமுறை அழுத்திவிட்டு, படியிறங்கிப் போனார்.

கலீம் புடவையை அவிழ்த்துப் பையில் திணித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். முகத்தை ஸ்கேன் சென்டர் குழாயில் கழுவினார். பவுடர் முழுதும் போகவில்லை.

வாசலில் மூன்று பெண்களும் ஆட்டோவுக்காக நின்றிருந்தார்கள். நஜீமா அவரைப் பார்த்ததும் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. கண் ஓரம் ஈரம் காயவில்லை.

"வயிறு வலிக்குதுங்க. சிரிச்சுச் சிரிச்சு. நான் என்னமோ புரியாதுன்னு பயந்துக்கிட்டு வந்தேன்."

கலீம் கன்னத்தில் மிச்சமிருந்த பவுடரைத் துடைத்தார்.

"அந்த மைக் பிடிச்ச அம்மா என்னமா நடிக்குது! சிரிக்காம ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வெக்குதே. போர்வைய இழுத்துக்கிட்டு விடமாட்டேங்கறாரே, அந்தப் பெரியவர், அவரு நம்ம தாஜுதீன் அண்ணனா? அடையாளமே தெரியலங்க. நிஜமாவே பெரிய மனுஷன் மாதிரி இருந்தாரு."

ஒரு ஆட்டோ வந்து நின்றது. பஸீலாவும் இருதயமேரியும் ஏறிக்கொண்டார்கள். நஜீமா ஏறவில்லை. கலீமின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தார்.

"ஒவ்வொருத்தர் வரும்போதும் நீங்களா இருக்குமோன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசி ஆள் வரைக்கும் பார்த்தேன். அதுல நீங்க எதுங்க?"